‘கிட் ஏ’: ஒலியை மாற்றிக்கொண்ட இசைக்குழுவும் உடன் நடந்த ரசிகர்களும்

ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் நான்காவது இசைத்தொகுப்பான ‘கிட் ஏ’ 2000 அக்டோபர் 2 அன்று பிரிட்டனிலும் மறுநாள் அமெரிக்காவிலும் வெளியானது. கிதாரால் பெயரெடுத்த குழு அது. ஆனால் இந்தத் தொகுப்பின் முதல் பாட்டில் கிதாரே இல்லை. தொகுப்பிலிருந்து எந்தப் பாடலும் தனியாக விற்பனைக்கு வரவில்லை. தொலைக்காட்சிக்கென வழக்கமான காணொளி எடுக்கப்படவில்லை. குழுவினர் கொடுத்த பேட்டிகளும் மிகச் சில. இத்தனைக்கும் பிறகு ‘கிட் ஏ’ இரு நாடுகளிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலேயே நுழைந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்தில் விற்றவை சுமார் 2,07,000 பிரதிகள். உலகமே கொண்டாடிய முந்தைய தொகுப்பான ‘ஓகே கம்ப்யூட்டர்’ அந்த நாட்டில் 21ஆம் இடத்துக்கு மேல் ஏறியதில்லை.

இந்த வரவேற்புக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. தீவிர ரசிகர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள் என்பது ஒன்று. நல்ல கலை எப்படியும் தன் வழியைத் தேடிக்கொள்ளும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரு முக்கியமான உண்மையைத் தவறவிடுகின்றன. தொகுப்பு கடைக்கு வரும்போதே ரசிகர்களில் பலர் அதன் பாடல்களோடு சில மாதங்கள் வாழ்ந்திருந்தார்கள். புதிய ஒலி அவர்கள் மீது திடீரென்று வந்து விழவில்லை. அதைப் பழகிக்கொள்ள அவர்களுக்குக் காலமும் இடமும் துணையும் கிடைத்திருந்தன. ‘கிட் ஏ’ பெற்ற உற்சாகத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் வரலாறுதான்.

ரேடியோஹெட்டின் ஐவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் பள்ளியில் படித்தவர்கள்: பாடகர் தாம் யார்க், அண்ணன் தம்பிகளான காலின் கிரீன்வுட், ஜானி கிரீன்வுட், கிதார் கலைஞர் எட் ஓ’பிரையன், டிரம்ஸ் வாசிக்கும் பிலிப் செல்வே. 1991இல் ஈஎம்ஐ இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1992இல் வந்த ‘கிரீப்’ என்ற ஒரே பாட்டால் உலகம் அவர்களை அறிந்தது. அந்த ஒரு பாட்டோடு முடிந்துவிடுவார்கள் என்று எண்ணியவர்களும் உண்டு. 1995இல் ‘த பெண்ட்ஸ்’ அந்த எண்ணத்தை உடைத்தது. 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ அவர்களை அந்தக் காலத்தின் முதன்மையான ராக் குழுக்களில் ஒன்றாக்கியது. ஆக, ஒவ்வொரு தொகுப்பிலும் ஓரடி நகர்வது இந்தக் குழுவின் இயல்பாகவே இருந்தது. அந்த நகர்வை எதிர்பார்ப்பதற்கு ரசிகர்களும் பழகியிருந்தார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது இன்னோர் அடி மட்டுமே.

‘ஓகே கம்ப்யூட்டர்’ வெற்றிக்குப் பின் நடந்த நீண்ட சுற்றுப்பயணம் யார்க்கை நொறுக்கியது. கிரான்ட் ஜீ இயக்கிய ‘மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி’ (1998) என்ற ஆவணப்படத்தில் அந்தச் சோர்வை நேரடியாகக் காணலாம்: ஒரே கேள்விகள், ஒரே விடுதி அறைகள், முகத்தில் வெறுமை. ஊர் திரும்பியவருக்குப் பாட்டெழுத வரவில்லை. மெட்டு என்பதே அலுத்துப்போய், தாளத்தையும் ஒலியின் தன்மையையும் தேடினார். ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற மின்னணு இசைக் கலைஞர்களை வெளியிட்டுவந்த வார்ப் நிறுவனத்தின் இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கிக் கேட்டார். இதற்கிடையே அவர் விட்டுவந்த ஒலியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏங்கும் உச்சக்குரலும் விரிந்த கிதாரும் கொண்ட டிராவிஸ் குழுவின் ‘த மேன் ஹூ’ 1999இலும், கோல்ட்பிளேயின் ‘பாராசூட்ஸ்’ 2000 ஜூலையிலும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன. ரேடியோஹெட்டின் தயாரிப்பாளரான நைஜல் கோட்ரிச்சே ‘த மேன் ஹூ’ பதிவிலும் பணியாற்றினார். பழைய ஒலியை விரும்பியவர்களுக்கு அது வேறிடத்தில் தாராளமாகக் கிடைத்தது. ரேடியோஹெட் அதைத் திரும்பத் தரவேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. ‘கிட் ஏ’ எளிதாக ஏற்கப்பட்டதில் இந்தச் சூழலுக்கும் ஒரு பங்கு உண்டு. 

ஒலிப்பதிவு 1999 ஜனவரியில் பாரிஸில் தொடங்கியது. மார்ச்சில் கோபன்ஹேகன், பிறகு குளோஸ்டர்ஷயரில் ஒரு மாளிகை, கடைசியாக ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் குழு தனக்கென அமைத்த கூடம். முதல் இரண்டு ஊர்களில் உருப்படியாக முடிந்தவை மிகக் குறைவு. மூன்று நிமிடக் கிதார் பாடல்களுக்குத் திரும்பலாம் என்று ஓ’பிரையன் விரும்பினார். சிந்தசைசரும் தாள இயந்திரமும் நிறைந்த பாட்டில் தங்களுக்கு என்ன வேலை என்ற குழப்பம் மற்றவர்களுக்கும் இருந்தது. வெளியிடத் தகுந்த ஒன்றில் ஐவரும் உடன்படாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். 2000 ஜனவரியில் கோட்ரிச் ஒரு பயிற்சியைக் கொடுத்தார். குழு இரண்டாகப் பிரிந்து தனித்தனி அறைகளில் வேலை செய்ய வேண்டும். ஓர் அறையில் உருவாகும் ஒலியை மற்றோர் அறையில் இருப்பவர்கள் மாற்றியமைக்க வேண்டும். கிதாரும் டிரம்ஸும் தொடக்கூடாது. அதிலிருந்து பெரிய பாடல்கள் பிறக்கவில்லை. ஆனால் தன் வாத்தியத்தை வாசிக்காமலேயே ஒரு பாட்டுக்குத் தன்னால் உதவ முடியும் என்பதை ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள். ஏப்ரலில் வேலை முடிந்தபோது இரண்டு தொகுப்புகளுக்குப் போதுமான பாடல்கள் கையில் இருந்தன. பாதி ‘கிட் ஏ’ ஆனது. மீதி 2001 ஜூனில் ‘அம்னீசியாக்’ என்று வந்தது.

இந்த மாற்றம் எத்தகையது என்பதை முதல் பாட்டிலேயே நெருங்கிக் கேட்கலாம். ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ யார்க் பியானோவில் எழுதிய பாட்டு. ஒலிக்கூடத்தில் அது புரோஃபெட்-5 என்ற சிந்தசைசருக்கு மாறியது. ஆழமான, மங்கிய சுரக்கூட்டுகள் பத்து மாத்திரைச் சுழற்சியில் திரும்பத் திரும்ப வருகின்றன. ராக் பாட்டுக்குப் பழகிய காது நான்கு அல்லது எட்டில் முடிவை எதிர்பார்க்கும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் அந்த முடிவு சற்றுத் தள்ளிப்போகிறது. பாடத் தொடங்கும் முன்பே யார்க்கின் குரல் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு இடமும் வலமும் சிதறுகிறது. பிறகு அதே குரல் முழுமையாக, தெளிவாகப் பாடுகிறது. புதிய ஒலிகளின் நடுவே, ‘த பெண்ட்ஸ்’ காலத்திலிருந்து ரசிகர்கள் அறிந்த குரல் அது. தொகுப்பு முழுவதும் இந்த உறவு தொடர்கிறது. வாத்தியம் மாறியிருக்கிறது, தாளம் மாறியிருக்கிறது, ஆனால் துயரமும் தவிப்பும் கலந்த சுரக்கூட்டுகளும் நீண்டு எழும் மெட்டும் அப்படியே இருக்கின்றன. மேலே தெரியும் மாற்றத்தின் அளவுக்கு உள்ளே மாற்றம் இல்லை என்பதைப் பொறுமையாகக் கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

‘இடியோடெக்’ இன்னும் துணிச்சலானது. ஜானி கிரீன்வுட் தன் மாடுலர் சிந்தசைசரிலும் பிற கருவிகளிலும் சுமார் ஐம்பது நிமிடம் மனம்போன போக்கில் வாசித்துப் பதிந்து யார்க்கிடம் கொடுத்தார். அதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பகுதியை யார்க் பிடித்துக்கொண்டார். அந்தப் பகுதியில் ஒலித்த நான்கு சுரக்கூட்டுகள் பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணினியில் உருவாக்கிய படைப்பிலிருந்து வந்தவை. பழைய இசைத்தட்டு ஒன்றில் கிரீன்வுட் அதைக் கண்டெடுத்திருந்தார். அனுமதி கேட்டு லான்ஸ்கிக்கு எழுதினார். அவரும் மனமுவந்து கொடுத்தார். பல்கலைக்கழகக் கணினியில் பிறந்து, ஒப்பீட்டளவில் சிலரே கேட்டிருந்த ஒரு பரிசோதனை, கால் நூற்றாண்டு கழித்து, ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் குதித்து ஆடும் பாட்டின் முதுகெலும்பானது.

‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ பாட்டுக்கான நரம்பிசை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே டார்செஸ்டர் ஆபி என்ற இடைக்காலத் தேவாலயத்தில் செயின்ட் ஜான்ஸ் இசைக்குழுவைக் கொண்டு பதியப்பட்டது. கிரீன்வுட் எழுதிக் கொடுத்த குறிப்புகளில் சில இடங்கள் வாசிக்கவே முடியாதவை. அங்கிருந்த கலைஞர்கள் சிரித்தார்கள். நடத்துநர் ஜான் லப்பக் அவர்களைத் தட்டிக்கொடுத்து முயன்று பார்க்க வைத்தார். இதே பாட்டில் ஒலிக்கும் ஓந்த் மார்த்தெனோ, மோரிஸ் மார்த்தெனோ 1928இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய மின்னிசைக் கருவி. இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் தன் ‘துரங்கலீலா’ சிம்பொனியில் அதைப் பயன்படுத்தியிருந்தார். பதின்வயதிலேயே அந்த இசையில் மயங்கிய கிரீன்வுட், ராக் ரசிகர்களின் காதுக்கு அதைக் கொண்டுவந்தார்.

இப்படிப்பட்ட பாடல்களை ரசிகர்கள் முதலில் கேட்டது தட்டில் அல்ல, மேடையில். 2000 ஜூன், ஜூலை மாதங்களில் குழு மத்தியதரைக் கடலோர நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து, வெளிவராத பாடல்களை வாசித்தது. அது நாப்ஸ்டரின் உச்சக்காலம். ஷான் ஃபேனிங் 1999இல் தொடங்கிய அந்தச் சேவை வழியாக ஒருவர் கணினியில் உள்ள பாட்டை உலகின் எந்த மூலையில் உள்ளவரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. பார்சிலோனாவில் நடந்த கச்சேரி மறுநாளே நாப்ஸ்டரில் முழுமையாகக் கிடைத்ததையும், மூன்று வாரம் கழித்து இஸ்ரேலில் மேடையேறியபோது கூட்டத்துக்குப் புதுப் பாடல்களின் வரிகள் எல்லாம் மனப்பாடமாக இருந்ததையும் காலின் கிரீன்வுட் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். மெட்டாலிகா குழு அதே ஆண்டு நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்திருந்ததை எண்ணினால், இந்த மகிழ்ச்சி எவ்வளவு அரிதானது என்பது விளங்கும்.

அந்தப் பதிவுகளின் தரம் மோசம். கூட்டத்தின் இரைச்சல், நடுங்கும் ஒலி, இடையில் அறுந்துபோகும் பாட்டு. ஆனால் அந்தக் குறையே ரசிகர்களை உழைக்க வைத்தது. எந்தப் பாட்டுக்கு என்ன பெயர், எந்த ஊரில் வரிகள் மாறின, எது தொகுப்பில் இடம்பெறும் என்று ஒப்பிட்டுப் பேசினார்கள். ஓ’பிரையன் 1999 கோடையிலிருந்து குழுவின் இணையதளத்தில் எழுதிவந்த நாட்குறிப்பும் அவர்களுக்குத் துணையானது. எந்தப் பாட்டு நகர்கிறது, எது முட்டுச்சந்தில் நிற்கிறது என்று அதில் வெளிப்படையாக இருந்தது. குழுவின் தடுமாற்றத்தையே ரசிகர்கள் மாதக்கணக்கில் படித்துவந்தார்கள். கலைஞர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குப் படைப்பின் முரட்டுத்தனம் அவமதிப்பாகத் தோன்றுவதில்லை. செப்டம்பரில் முழுத் தொகுப்பும் நாப்ஸ்டரில் கசிந்தபோது, ஏற்கெனவே பாதி தெரிந்த ஒன்றின் மீதிப் பாதியைத் தேடுபவர்களைப் போல அவர்கள் அதை அணுகினார்கள்.

அதே மாதம் தொடங்கிய பிரிட்டன், ஐரோப்பியப் பயணத்தில் குழு தன் சொந்தக் கூடாரத்தையே ஊர் ஊராகத் தூக்கிச் சென்றது. விளம்பரப் பலகைகளுக்கு அங்கே இடமில்லை. நிறுவனச் சின்னங்களின் ஆதிக்கத்தை எதிர்த்து நவோமி கிளைன் எழுதிய ‘நோ லோகோ’ அப்போது குழுவினர் கையில் இருந்தது. அமெரிக்காவில் தொகுப்பை வெளியிட்ட கேபிடல் நிறுவனம் வேறு வழியில் உழைத்தது. தொகுப்பின் அட்டை ஓவியரான ஸ்டான்லி டான்வுட்டின் ஓவியங்களையும் பல்லைக் காட்டும் கரடி உருவங்களையும் கொண்ட, ஒரு நிமிடம்கூட நீடிக்காத ‘பிளிப்’ என்ற துண்டுப் படங்கள் பரப்பப்பட்டன. ரசிகர்கள் நடத்திய தளங்கள் தங்கள் பக்கத்திலேயே பொருத்தி, தொகுப்பை முழுவதும் ஒலிக்கவிடக்கூடிய ஒரு சிறு மென்பொருளும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. வானொலி நிலையங்கள் செய்யும் வேலையை நிறுவனம் ரசிகர்களிடம் ஒப்படைத்தது என்று இதைச் சொல்லலாம். முதல் பிரதிகளில் குறுந்தட்டு பதிந்திருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் இன்னொரு சிறுநூல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்துப் பார்த்தவர்கள் அந்தச் செய்தியைத் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிரதிகளை 17 விநாடி இடைவெளியில் ஒரே சமயத்தில் ஒலிக்கவிட்டால் மறைந்திருக்கும் இசை வெளிப்படும் என்ற நம்பிக்கைகூடப் பிறந்தது. குழு அதை ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் குழு எதையும் விளக்காமல் விட்ட வெற்றிடத்தில்தான் இத்தகைய தேடல் செழிக்கும்.

விமர்சகர்களுக்கு இந்த அவகாசம் இல்லை. பலர் ஓரிரு முறை கேட்டு எழுத வேண்டியிருந்தது. அவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். ‘மெலடி மேக்கர்’ இதழ் கடுமையாகத் தாக்கியது. ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. ‘த நியூயார்க்கர்’ இதழில் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி முன்வைத்த எதிர்ப்புதான் இவற்றுள் கனமானது. ‘கிட் ஏ’ போன்ற படைப்பு இரவிரவாக உட்கார்ந்து கேட்கும் பொறுமையைக் கோருகிறது. பதினாறு வயதினருக்கு அது கூடும், வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு அதற்கு நேரமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வரிகளின் இருண்மையை அவர் குறை சொன்னது விவாதத்துக்குரியது. தாதா இயக்கத்தின் திரிஸ்தான் ஸாரா காட்டிய வழியில், சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து யார்க் கோத்த வரிகள் நேர்ப்பொருள் தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் நேரம் பற்றி ஹார்ன்பி சொன்னது முற்றிலும் சரி. இந்தத் தொகுப்பை நேசித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு நேரம் கொடுத்தவர்களே.

திரும்பத் திரும்பக் கேட்பது விருப்பத்தை எப்படி மாற்றுகிறது என்பதை உளவியல் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. ஒரு பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதே அதன் மீதான விருப்பத்தைக் கூட்டும் என்று ராபர்ட் சாயோன்ஸ் 1968இல் காட்டினார். டேனியல் பெர்லைன் இதற்கு ஓர் எல்லை வகுத்தார்: மிக எளியது சலிக்கும், மிகச் சிக்கலானது விரட்டும், இடைநிலையில் இன்பம் உச்சம் பெறும். சிக்கலானது பழகப்பழக அந்த இடைநிலையை நோக்கி இறங்கி வருகிறது. எளியது அதிலிருந்து நழுவிப்போகிறது. லெனர்ட் மேயர் 1956இலேயே இசை தரும் உணர்ச்சியை எதிர்பார்ப்போடும் அது தடைபடுவதோடும் பிணைத்துப் பேசியிருந்தார். 2011இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள், பிடித்த இசையின் உச்ச கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதும் மூளையில் டோபமின் சுரப்பதைக் கண்டறிந்தார்கள். பத்து மாத்திரைச் சுழற்சி முதல்முறை கேட்பவரைத் தடுக்கி விழச் செய்யும். இருபதாம் முறை கேட்பவருக்கு அதே தடுக்கல் காத்திருந்து அனுபவிக்கும் இடமாகிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபதாம் முறை வரை ஒருவரை நிறுத்தி வைப்பது இந்த ஆய்வுகளில் இல்லை. அதைச் செய்தவை குழுவின் மீதிருந்த நம்பிக்கையும், சேர்ந்து கேட்ட நண்பர்களும், அறிந்த அந்தக் குரலும்.

மற்ற குழுக்களின் அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. டாக் டாக் என்ற ஆங்கிலக் குழு 1986இல் ‘த கலர் ஆஃப் ஸ்பிரிங்’ வழியே நல்ல வெற்றி கண்டது. 1988இல் அது ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ என்ற, மௌனமும் நீண்ட தன்னிச்சை வாசிப்பும் நிறைந்த தொகுப்பைக் கொடுத்தது. அதுவும் ஈஎம்ஐ குடையின் கீழ் வந்ததுதான். கலைத்துணிவில் ‘கிட் ஏ’வுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் குழு 1986க்குப் பின் மேடையேறுவதையே நிறுத்தியிருந்தது. புதிய இசையை ரசிகர்கள் கூடிப் பழகும் இடம் எங்கும் இல்லை. விற்பனை சுருங்கியது, நிறுவனத்தோடு நீதிமன்றம் வரை போக நேர்ந்தது, மதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பாப் டிலன் 1965இல் நியூபோர்ட் விழாவில் மின்கிதாரை எடுத்தபோது எழுந்த கூச்சலும், மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒரு ரசிகர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்று கத்தியதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே பாடல்கள் பழகாதவை அல்ல. நாட்டார் இசை என்பது ஓர் அரசியல் அணியின் அடையாளமாக இருந்ததால், ஒலியை மாற்றியது அணி மாறியதாகப் படிக்கப்பட்டது. ரேடியோஹெட்டின் கிதாருக்கு அப்படியொரு கொடி இல்லை.

மேடையில் ‘கிட் ஏ’ உடலுக்கும் பழகியது. குரலை அங்கேயே வெட்டித் திருப்பி ஒலிக்கவிட ஜானி கிரீன்வுட் காயாஸ் பேட் என்ற சிறு கருவியைப் பயன்படுத்தினார். ‘த நேஷனல் ஆந்தம்’ தொடங்கும்போது ஒரு வானொலிப் பெட்டியைத் திருகி, அந்த ஊரில் அந்நேரம் ஒலிபரப்பாகும் எதையும் பாட்டுக்குள் கலந்தார். அதனால் எந்த இரண்டு ஊரிலும் பாட்டு ஒன்றாக இருக்கவில்லை. பதிவுகளைச் சேகரிப்பவர்களுக்கு அது ஓயாத தூண்டுகோல். அக்டோபர் 14 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் அந்தப் பாட்டையும் ‘இடியோடெக்’கையும் வாசித்தபோது, கணினி இசை என்று ஒதுக்கியவர்கள் யார்க் வலிப்பு வந்தவரைப் போல ஆடுவதையும் செல்வே டிரம்ஸில் அந்த இயந்திரத் தாளத்தை வியர்க்க வியர்க்க வாசிப்பதையும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

விட்டு விலகியவர்களும் இருந்தார்கள். ‘த பெண்ட்ஸ்’ தந்த நேரடியான உருக்கத்தை நேசித்தவர்களுக்கு இது உண்மையான இழப்பு. அவர்களுடைய ஏமாற்றத்தைச் செவித்திறன் குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. எனினும் மதிப்பீடு விரைவாகவே ஒரு பக்கம் சாய்ந்தது. 2001இல் சிறந்த மாற்று இசைத்தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. 2009இல் ‘ரோலிங் ஸ்டோன்’, ‘பிட்ச்ஃபோர்க்’ இரண்டும் அந்தப் பத்தாண்டின் முதல் தொகுப்பாக இதைத் தேர்ந்தன. ரோலிங் ஸ்டோன் 2020இல் வெளியிட்ட, எல்லாக் காலத்துக்குமான 500 தொகுப்புகளின் பட்டியலில் இதற்கு 20ஆம் இடம். செவ்வியல் உலகமும் திரும்பிப் பார்த்தது. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 2012இல் எழுதிய ‘ரேடியோ ரீரைட்’ என்ற படைப்புக்கு, குழுவின் பிற்காலப் பாட்டு ஒன்றோடு, அந்தப் பத்து மாத்திரை முதல் பாட்டும் மூலப்பொருளானது.

2021 நவம்பரில் ‘கிட் ஏ’, ‘அம்னீசியாக்’ இரண்டும் வெளிவராத பதிவுகளோடு ‘கிட் ஏ மினீசியா’ என்ற பெயரில் ஒன்றாக வந்தன. டான்வுட்டின் ஓவியங்களுக்கும் இந்தப் பாடல்களுக்கும் நடுவே நடந்து திரியும்படி, கணினியிலும் விளையாட்டுக் கருவியிலும் திறக்கும் ஒரு மெய்நிகர் கண்காட்சியும் இலவசமாக வெளியானது. அதற்குள் நுழைந்தவர்களில் 2000க்குப் பின் பிறந்தவர்களும் உண்டு. அந்தத் தலைமுறையில் இந்தத் தொகுப்பின் வழியாகவே குழுவை அறிந்து, அங்கிருந்து பின்னோக்கி ‘ஓகே கம்ப்யூட்டர்’, ‘த பெண்ட்ஸ்’ என்று போகிறவர்களுக்கு, இதே ஐவர் ஒரு காலத்தில் மூன்று கிதார்களோடு பாடினார்கள் என்பதுதான் புதுச் செய்தி.